இருக்கும் பணத்தை எதில் போடுவது: மோட்டார் நியூரான் நோய் வந்த வீட்டின் முன் உள்ள வழிகள்

டெல்டாவில் ஒரு குடும்பம் மோட்டார் நியூரான் நோய் என்ற பெயரைக் கேள்விப்படும் நாளில், பெரும்பாலும் கையிருப்பில் பாதி கரைந்திருக்கும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிந்து, கை, கால், தொண்டை, மூச்சு என்று தளர்ந்துபோகும் நோய் இது. கை சூம்புகிறது என்று எலும்பு மருத்துவரிடம் சில மாதங்கள், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டையும் மாத்திரையுமாகச் சில மாதங்கள், நடுவில் எண்ணெய்ப் பிழிச்சல், ஸ்கேன் மேல் ஸ்கேன். உலகம் முழுவதுமே முதல் அறிகுறியிலிருந்து நோயை உறுதிசெய்ய ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. அதற்குப் பிறகுதான் பெரிய செலவுகளைப் பற்றிய பேச்சே வீட்டில் தொடங்கும். நெல் போட்ட பணம், கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருக்கும் நகை, விற்கலாமா என்று யோசிக்கிற இரண்டு மா நிலம். மாத்திரை, ஊசி, மரபணுப் பரிசோதனை, ஸ்டெம் செல், மூச்சுக் கருவி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

நான் மருத்துவர் இல்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு இந்த நோய் வந்தபோது இந்த முடிவுகளை எடுத்த வீட்டில் இருந்தவன். படித்தும் கேட்டும் பார்த்தும் நான் வந்து சேர்ந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் இதுதானா என்று ஒருமுறை நன்றாக உறுதிசெய்துகொள்வதற்கும், மூச்சுக்கும், சாப்பாட்டுக்கும் பணம் முதலில் போக வேண்டும். நோயைக் கொஞ்சம் மெதுவாக்கும் ரிலுசோல் மாத்திரை அதோடு சேர்ந்து வரட்டும். பணம் வாங்கிக்கொண்டு போடும் ஸ்டெம் செல் ஊசிக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

உறுதிசெய்வதற்கு ஏன் முதலிடம் என்றால், இந்த நோயின் சாயலில் வேறு சில நோய்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு மருந்து உண்டு. அதுவும் நம் பகுதியில் இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. 1970-இல் சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் இளவயதினரிடம் வரும் ஒரு தனி வகையை விவரித்தார்கள். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே உலக மருத்துவ நூல்களில் அதற்குப் பெயர். பெரும்பாலும் 30 வயதுக்கு முன்பே தொடங்கும்; கை கால் மெலிவதோடு முகமும் தொண்டையும் தளரும்; காது கேட்பது குறையும்; ஆனால் மிக மெதுவாகவே முன்னேறும். தென்னிந்தியாவில்தான் அதிகம் காணப்படுகிறது. மோட்டார் நியூரான் நோயில் பரவலாகக் காணப்படும் வகைக்கு ஏ.எல்.எஸ். என்று பெயர். அதன் ஆயுள் கணக்கை இந்த வகைக்குச் சொல்லி வீட்டை அழவைப்பது பெரிய அநியாயம்.

இதற்கு மிக நெருங்கிய சாயலில் இன்னொன்று உண்டு. ரைபோஃபிளேவின் எனும் பி2 வைட்டமினை உடலணுக்களுக்குள் கொண்டுசெல்லும் புரதம் மரபணுப் பிழையால் பழுதாகும் நோய் அது. காது மந்தம், தொண்டைத் தளர்ச்சி, தசை மெலிவு, மூச்சுத் திணறல் எல்லாம் அதிலும் வரும். இதற்குக் காரணமான மரபணு 2010-இல்தான் தெரியவந்தது. மிகுந்த அளவில் ரைபோஃபிளேவின் கொடுத்தால் பலர் நிலைப்படுகிறார்கள், சிலர் நன்றாகவே தேறுகிறார்கள். கடையில் விற்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் இருக்கும் அளவு இதற்குக் காணாது. மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். இளவயது, காது மந்தம், தசை மெலிவு மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், இதைப் பார்த்தீர்களா என்று நரம்பியல் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இருபது வயதுப் பையனுக்கு ஒரு கை மட்டும் மணிக்கட்டுப் பக்கம் மெலிந்தால் அது ஹிரயாமா நோயாக இருக்கலாம். கழுத்தை முன்னால் குனிக்கும்போது தண்டுவடம் நசுங்குவதால் வருவது. கழுத்தை வளைத்த நிலையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானாக நின்றுவிடும். கழுத்துப் பட்டை உதவும். நடுவயதில், உணர்ச்சி குறையாமல் கை மட்டும் பலவீனமாகும் இன்னொரு நரம்பு நோய்க்கு இம்யூனோகுளோபுலின் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. இதையெல்லாம் பிரித்தறியத் தேவைப்படுபவை, அனுபவமுள்ள ஒரு நரம்பியல் மருத்துவரின் கண்ணும், நரம்பு-தசை மின்பரிசோதனையும், எம்.ஆர்.ஐ.யும்தான். இந்த நோயை ஒரே இரத்தப் பரிசோதனையில் சொல்லிவிட முடியாது.

எங்கே போவது? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி என்று நம்மைச் சுற்றி அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உறுதிசெய்வதற்கு ஒருமுறை மட்டும் பெங்களூரு நிம்ஹான்ஸ் அல்லது வேலூர் சி.எம்.சி. போய்வருவது பயண அலுப்புக்குத் தகுந்த பலனைத் தரும் என்பது என் எண்ணம். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை பெங்களூரு. நோயாளி உட்கார்ந்து பயணம் செய்யக்கூடிய காலத்திலேயே போய்விடுங்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் அங்கே அலைய வேண்டியதில்லை. அருகிலுள்ள மருத்துவரே பார்த்துக்கொள்ளலாம்.

சித்தப்பாவுக்கு முதலில் தெரிந்தது வெற்றிலையில். காம்பைக் கிள்ள முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்திலுள்ள சதை முதலில் வற்றும். சுண்டுவிரல் பக்கம் திடமாகவே இருக்கும். இது இந்த நோய்க்கே உரிய அடையாளம் என்று பின்னால்தான் தெரிந்தது. அடுத்து, வரப்பில் நடக்கும்போது இடது கால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு பின்தங்கியது. முன்பாதத்தைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கிறது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. வலி இல்லாததால்தான் எல்லாரும் தள்ளிப்போட்டோம்.

"வயலுக்கு அடித்த மருந்தால் வந்ததா?" என்பது டெல்டாவில் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. காரணம் எது என்பதை வைத்துத்தான் பணம் போகும் திசையும் மாறுகிறது என்பதால் இதற்குப் பதில் வேண்டும். பூச்சிமருந்துகளோடு நீண்டகாலம் புழங்கியவர்களிடம் இந்த நோய் ஓரளவு கூடுதலாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. புகைபிடிப்பதும் அப்படியே. ஆனால் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல இன்றுவரை எந்தப் பரிசோதனையும் இல்லை. 2014-இல் அம்மர் அல்-சலாபி குழுவினர் பல நாட்டுப் பதிவேடுகளை வைத்துக் கணக்கிட்டபோது, நோய் வெளிப்படும் முன் உடலுக்குள் சுமார் ஆறு படிகள் கடக்கப்படுகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். வாய்க்கால் கரை ஒரே ஒரு நண்டு வளையால் உடைவதில்லை, அதுபோலத்தான். மரபணு ஒரு படி, வயது ஒரு படி, சூழல் ஒரு படி என்று சேர்கிறது. ஆகவே 'உடம்பில் உள்ள மருந்து விஷத்தை இறக்குகிறோம்' என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். நரம்பணு செத்த பிறகு இறக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தெளிப்பான் தூக்கும் மற்றவர்கள் முகக்கவசமும் கையுறையும் போடுவது வேறு விஷயம். அதை இந்த நோய் வராத வீட்டிலும் செய்ய வேண்டும்.

நரம்பணுக்களுக்குள் நடப்பது பற்றி இப்போது நிறையத் தெரிந்திருக்கிறது. டி.டி.பி.-43 என்ற புரதம் அணுக்கருவுக்குள் இருக்க வேண்டியது. அது வெளியேறி, அணுவின் உடலில் கட்டி தட்டிப்போகிறது. இது 2006-இல் கண்டறியப்பட்டது, ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 97 சதவீதம் பேரிடம் இதுவே நிலை. கருவுக்குள் அந்தப் புரதம் இல்லாமற்போனால், ஸ்டாத்மின்-2 போன்ற, நரம்பிழையைப் பராமரிக்கும் புரதங்கள் ஒழுங்காக உருவாவதில்லை. அதைச் சரிசெய்யும் மருந்துகளை நோக்கித்தான் இன்றைய ஆராய்ச்சியின் பெரும்பங்கு நகர்கிறது. எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஆய்வகத்து நம்பிக்கையை நம்பி இன்று நிலத்தை விற்க முடியாது.

இனி மருந்துகள். ரிலுசோல் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளைக்கு இரண்டு வேளை 50 மில்லிகிராம். சோதனைகளில் ஆயுளை இரண்டு மூன்று மாதம் கூட்டியது. பிற்காலப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் பலன் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்கிறார்கள். இந்தியாவிலேயே தயாராகிறது, கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே தொடரலாம். செலவு தாங்கக்கூடியது, பலன் சிறிது, ஆனால் மெய்யானது. எடுத்துக்கொள்ளுங்கள்.

எடாரவோன் என்ற இன்னொரு மருந்தை ஜப்பான் 2015-இலும் அமெரிக்கா 2017-இலும் ஏற்றுக்கொண்டன. நோயின் ஆரம்பத்தில் இருந்த, தேர்ந்தெடுத்த ஒரு சிறு கூட்டத்திடம் சரிவைக் கொஞ்சம் மெதுவாக்கியது என்பதே அதற்கு ஆதாரம். பிறகு ஜெர்மனியில் வழக்கமான நோயாளிகளை வைத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. ஐரோப்பாவில் வாய்வழி வடிவத்தை வைத்து நடந்த பெரிய சோதனையும் 2024-இல் கைகொடுக்கவில்லை. இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் ஊசி என்றால், முதல் சுற்றில் 14 நாள் தொடர்ந்து, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வாரத்துக்குள் 10 நாள் ஏற்ற வேண்டும். மன்னார்குடியிலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ ஒருவரை அத்தனை நாள் காரில் ஏற்றி இறக்குவது எப்படிப்பட்ட பாடு என்று யோசித்துப் பாருங்கள். பணம் தாராளமாக இருக்கும் வீடு முயன்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். நகையை வைத்து இதைச் செய்யாதீர்கள்.

மரபணுப் பரிசோதனையைப் பொறுத்தவரை என் கருத்து அண்மையில் மாறியது. முன்பு, தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். 1993-இல் கண்டறியப்பட்ட எஸ்.ஓ.டி.1 மரபணுப் பிழை உள்ளவர்களுக்கென டோஃபர்சென் என்ற மருந்தை 2023 ஏப்ரலில் அமெரிக்கா விரைவு வழியில் அனுமதித்தது. முதுகுத்தண்டு வழியாகச் செலுத்துவது. 108 பேரிடம் நடந்த சோதனையில், 28 வாரத்தில் உடல் செயல்பாட்டில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நரம்பணு அழிவைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் அளவு இரத்தத்தில் பாதிக்கும் மேல் இறங்கியது. மருந்தை முன்னதாகத் தொடங்கியவர்கள் நாளடைவில் மெதுவாகவே சரிந்தார்கள். இந்தப் பிழை உள்ளவர்கள் மொத்த நோயாளிகளில் சுமார் 2 சதவீதம்தான். அமெரிக்க விலையில் ஓர் ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். என்றாலும், குடும்பத்தில் இன்னொருவருக்கு இதே நோய் இருந்தாலோ, 40 வயதுக்குள் தொடங்கியிருந்தாலோ பரிசோதித்துவிடுங்கள். பரிசோதிக்கும் முன் பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். முடிவு அவர்களையும் தொடும் முடிவு. வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத, அறுபது வயதுக்காரருக்கு, பணம் குறைவு என்றால், இது பின்னால் வரலாம்.

ஸ்டெம் செல் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது. டெல்டாக் குடும்பங்களின் நிலம் அதிகமாகப் போகும் வழி இதுதான். சித்தப்பாவின் மகனுக்கும் ஒரு பெருநகரத்துத் தனியார் மையத்திலிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து முதுகுத்தண்டில் செலுத்துவார்களாம், கூடவே உடற்பயிற்சி சிகிச்சையாம், லட்சக்கணக்கில் கட்டணமாம், நடந்து காட்டும் நோயாளியின் காணொளியும் உண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, மற்ற எதற்கும் அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது. நியூரோன் (NurOwn) என்ற பெயருள்ள ஸ்டெம் செல் சிகிச்சைக்கு முறையான சோதனை அமெரிக்காவில் நடந்தது. ஏறத்தாழ 200 நோயாளிகள். 2020-இல் வந்த முடிவில் மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களுக்கும் ஸ்டெம் செல் பெற்றவர்களுக்கும் உறுதியான வேறுபாடு இல்லை. 2023 செப்டம்பரில் அந்நாட்டு மருந்து ஆணையத்தின் ஆலோசனைக் குழு 17-க்கு 1 என்ற கணக்கில், பலனுக்குப் போதிய சான்று இல்லை என்று வாக்களித்தது.

அப்படியானால் காணொளியில் நடப்பவர்? இந்த நோய் எல்லாரிடமும் ஒரே வேகத்தில் போவதில்லை. சிலருக்குச் சில மாதம் அப்படியே நிற்கும். பத்தில் ஒருவர் பத்தாண்டுக்கு மேலும் வாழ்கிறார். நல்ல உடற்பயிற்சியும் நம்பிக்கையும் சேர்ந்தால் கொஞ்ச நாள் தெம்பாக இருக்கும். 2008-இல் இத்தாலியில் 16 நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்தார்கள். 15 மாதத்தில் அவர்களில் ஒருவரும் இறக்கவில்லை என்று செய்தி வந்தது. உலகமெங்கும் நோயாளிகள் லித்தியத்தைத் தேடி ஓடினார்கள். பிறகு பல நாடுகளில் ஒழுங்காகச் சோதித்தபோது ஒரு பலனும் இல்லை. சிறிய கூட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒன்று பெரிய கூட்டத்தில் கரைந்துபோவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஏ.எம்.எக்ஸ்.0035 என்ற மருந்தும் பெரிய சோதனையில் தோற்று, 2024-இல் தயாரித்த நிறுவனமே அதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. தோற்றதை வெளிப்படையாகச் சொல்லி விலக்கிக்கொள்ளும் ஆராய்ச்சிக்கும், காணொளி மட்டும் காட்டும் மையத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

மையத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தியச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் உங்கள் பதிவு எண் என்ன? சோதனை என்றால் நோயாளியிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? சோதனை மருந்துக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. சித்தப்பா மகன் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்ட பிறகு தொலைபேசி வருவது நின்றது. மாறாக, மருத்துவக் கல்லூரியோ நிம்ஹான்ஸோ முறையான சோதனைக்கு அழைத்தால், உடல் தாங்கும் பட்சத்தில் மனமாரச் சேருங்கள்.

நோய் உறுதியான பிறகு நான் முதலிடம் கொடுக்கும் செலவு: பைபேப் என்ற மூச்சுக் கருவி. முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும். இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் மூச்சுத் தசை தளர்வதால்தான். 2006-இல் இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் 41 நோயாளிகளிடம் செய்த சோதனையில், தொண்டை மிக மோசமாகத் தளராதவர்களுக்கு இந்தக் கருவி சுமார் 205 நாள் ஆயுளைக் கூட்டியது. ரிலுசோலின் இரண்டு மூன்று மாதத்தோடு வைத்துப் பாருங்கள். தொண்டை மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. ஆனால் தூக்கம் சீர்பட்டது. சோதனை சிறியதுதான். என்றாலும் இதற்குப் பிறகு உலகின் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் கருவியை ஏற்றுக்கொண்டுவிட்டன. பல பத்தாயிரம் ரூபாய் ஆகும்; வாடகைக்கும் கிடைக்கிறது. மூச்சுத் தசைக்குத் துணை என்றெண்ணி உதரவிதானத்தில் மின்கருவி பொருத்திப் பார்த்த ஆங்கிலேயச் சோதனையில், பொருத்திக்கொண்டவர்கள் விரைவில் இறந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் வந்த முடிவு அது. அறுவைச் சிகிச்சை பெரிதாக இருப்பதால் மட்டும் பலன் பெரிதாகிவிடாது.

எப்போது தொடங்குவது? காலையில் எழும்போதே தலைவலி. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதால் சாய்வு நாற்காலியிலேயே தூக்கம். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகல். இவை தெரிந்தால் மூச்சளவுப் பரிசோதனைக்கு அன்றைக்கே கிளம்புங்கள். சித்தி பல இரவு விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். புழுக்கம் என்றே நினைத்திருந்தார். இன்னொன்று மிக முக்கியம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கருவி பல வீடுகளில் இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் இந்த நோயாளிக்கு அதை மாட்டாதீர்கள். குறை ஆக்சிஜனில் இல்லை. கரியமில வாயுவை வெளியே தள்ள வலுவில்லை என்பதுதான் குறை. வெறும் ஆக்சிஜன் அந்த வாயுவை இன்னும் தேங்கவைக்கலாம்.

கருவி வாங்குபவர்கள் மின்சாரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவியோடு பேட்டரியும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஈரப்பதச் சூடேற்றியை அணைத்துவிட்டால் மின்சாரம் நீண்ட நேரம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகைக்கு முன்பே இந்த ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும்.

சாப்பாடு அடுத்தது. எடை குறையக் குறைய நோயின் வேகம் கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பத்தியம், எண்ணெய் கூடாது, நெய் கூடாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தண்ணீர், மோர், ரசம் போன்ற நீர்த்த பொருள்கள்தான் புரை ஏறவைக்கும். குழையப் பிசைந்த தயிர்ச்சாதமும் கெட்டியான கூழும் எளிதாக இறங்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், உணவை நேராக வயிற்றுக்குள் செலுத்தும் குழாய் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. மூச்சளவு வழக்கமாக இருக்க வேண்டியதில் பாதிக்குக் கீழே போவதற்குள் அதைப் பொருத்துவது பாதுகாப்பானது. ஆகவே வாயால் சாப்பிட முடிகிறபோதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பொருத்திய பிறகும் ருசிக்காக வாயால் சாப்பிடலாம்.

செலவில்லாத இரண்டு ஏற்பாடுகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, அரசின் வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் வலிநிவாரண ஆதரவுச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, நோயாளி நேரில் போய்வர முடிகிற காலத்திலேயே விண்ணப்பியுங்கள். இன்னொன்று, பேச்சு போவதற்கு முன்பே ஓர் எழுத்துப் பலகை. சித்தப்பாவுக்கு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தோம்: தண்ணீர், எச்சில், திரும்பிப் படுக்க, மின்விசிறி, கொசு. அவர் அதிகம் பார்த்தது கடைசிச் சொல்லைத்தான். கையை அசைக்க முடியாதவருக்கு நெற்றியில் உட்கார்ந்த ஒரு கொசு எத்தனை பெரிய வேதனை என்று அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. பெரும்பாலோருக்கு அறிவு தெளிவாக இருக்கும், கண் அசையும். வீட்டு விஷயங்களை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

தொண்டையில் துளையிட்டு நிரந்தர வென்டிலேட்டரில் வைப்பது கடைசி வழி. ஆண்டுக்கணக்கில் உயிர் நீளலாம். தசைகள் தளர்வது நிற்காது. இரவு பகலாக இரண்டு பேர் பக்கத்தில் இருந்தாக வேண்டும், சளி உறிஞ்சும் கருவி வேண்டும். எங்கள் வீட்டில் சித்தப்பாவே வேண்டாம் என்று பலகையில் சொல்லிவிட்டார். வேறு வீட்டில் வேண்டும் என்று சொல்வார்கள்; அதுவும் சரியே. நேரம் தவறினால் என்ன நடக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நள்ளிரவில் 108-ஐ அழைப்போம், அவசரப் பிரிவில் குழாய் போடுவார்கள், பிறகு எடுக்க முடியாது. நோயாளியைக் கேட்காமலே முடிவு நடந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2018-இல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது; 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் எழுதி, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரியிடமோ கையொப்பம் பெற்றால் போதும். விரல் எழுதும் காலத்திலேயே எழுதி, ஒரு பிரதியை மருத்துவரிடம் கொடுத்து, இன்னொன்றை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.